திருகோணமலைப் பறங்கியர் மொழி: சிதைவா, தனிமொழியா?

ஒரு பேச்சு வழக்கைத் தனிமொழி என்று கொள்வதா, பிறிதொரு மொழியின் சிதைவு என்று கொள்வதா என்னும் வினா மொழி வரலாற்றில் அடிக்கடி எழுவதொன்றாகும். இலக்கணமே விடை கூற வேண்டிய இவ்வினாவுக்குப் பெரும்பாலான வேளைகளில் அரசும் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமுமே விடை கூறி வந்துள்ளன. இதற்கு உலகெங்கும் சான்றுகள் உண்டு. எனினும், தமிழ் மாணவர்க்கு மிக அண்மையில் உள்ள சான்று திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலேயே காணப்படுகின்றது. அங்கு பாலையூற்றிலும் அதனை அண்டிய இடங்களிலும் வாழும் பறங்கியர் குடும்பங்களின் முதியோர் சிலர், தம்முள் உரையாடும்போது, தமிழுமன்றிச் சிங்களமுமன்றி வேறொரு மொழியைக் கையாள்வதுண்டு. அவர்கள் அதனைப் போர்த்துக்கேயம் என்றே அழைக்கின்றனர். மொழியியலாளர் அதற்கு இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல் எனப் பெயரிட்டுள்ளனர். நெடுங்காலமாகச் ‘சிதைந்த போர்த்துக்கேயம்’ என்று இகழப்பட்டு வந்த அம்மொழியின் வரலாற்றையும், அதன் உறவுமொழிகளிடையே அது பெறும் இடத்தையும் நோக்குவது பயனுடையதாகும்.

போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை முதன்முதலில் அடைந்தது 1505ஆம் ஆண்டிலாகும். ஆயினும், கிழக்குக் கரையில் அவர்களது ஆதிக்கம் மிகவும் பிந்தியே ஏற்பட்டது. 1620களின் முற்பகுதியில் தளபதி கொன்ஸ்தாந்தீனு த சா, கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு திருகோணமலைக் கோட்டையை எழுப்பினான். அக்கோட்டை 1639இல் ஒல்லாந்தர் வசமாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில் மட்டக்களப்புக் கோட்டையும் அவர்களிடம் வீழ்ந்திருந்தது. 1658இல் யாழ்ப்பாணமும் வீழ்ச்சியுற்றதோடு இலங்கையில் போர்த்துக்கேயர் ஆட்சி முற்றாக முடிவடைந்தது. ஆகவே, திருகோணமலையில் போர்த்துக்கேயர் கொடி பறந்த காலம் ஏறத்தாழ 15 ஆண்டுகளே எனலாம். இத்துணைக் குறுகிய காலமே ஆண்டவர்களின் பெயரைத் தாங்கிய மொழியொன்று, அவர்கள் சென்று 380 ஆண்டுகளுக்கு மேலாகிய பின்னரும், அதே கரையில் எவ்வாறு நிலைத்திருக்கின்றது என்பது முதலில் விடை காண வேண்டிய வினாவாகும்.

இதற்கான விடை ஆட்சி வரலாற்றிலன்று, குடும்ப வரலாற்றிலேயே தங்கியுள்ளது. போர்த்துக்கேயக் கப்பல்களில் வந்த ஆடவர் பலர் கரையோரப் பெண்களை மணந்து இங்கேயே தங்கினர். அக்குடும்பங்களில் தந்தையின் சொற்களும் தாயின் இலக்கணமும் கலந்தன. அக்கலப்பில் வளர்ந்த குழந்தைகளின் தாய்மொழியாகவே இக்கிரியோல் உருப்பெற்றது. அது கோட்டையை அண்டிய குடியிருப்புகளிலும் சந்தைகளிலும் கப்பற்றுறைகளிலும் வெவ்வேறு இனத்தவர் தம்முள் பேசிக்கொள்ளும் பொதுமொழியாகவும் பயன்பட்டது. ஆண்டவர்கள் வெளியேறிய போதும் அவர்களுடைய வழித்தோன்றல்கள் வெளியேறவில்லை. புதிதாக வந்த ஒல்லாந்தப் படைவீரரும் ஊழியரும் இவ்வழித்தோன்றல்களிடையே பெண் கொண்டனர். இதன் விளைவாக ஒல்லாந்தக் குடும்பங்களின் அடுக்களையிலும் தொட்டிலடியிலும் ஒல்லாந்த மொழி ஒலிக்காது போர்த்துக்கேயக் கிரியோலே ஒலித்தது.

ஒல்லாந்தக் கம்பனியார் இதனை விரும்பினார் அல்லர். போர்த்துக்கேயரின் சமயத்தை அடக்க முயன்ற அவர்கள், மொழியையும் அடக்க முயன்றனர். ஒல்லாந்த மொழி பேச அறியாத அடிமைகளின் தலையை மழிக்குமாறு 17ஆம் நூற்றாண்டிற் கொழும்பில் கட்டளை பிறப்பிக்கப்பட்டது. ஆயினும், அக்கட்டளை பயன் தரவில்லை. கட்டளை பிறப்பித்த அதிகாரிகளின் மனைவியரும் பிள்ளைகளுமே தடுக்கப்பட்ட மொழியைப் பேசினர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1660களில் ஒல்லாந்தர் திருகோணமலையில் மீண்டும் காலூன்றியதிலிருந்து 1795இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றும் வரையும், இலங்கையின் கரையோர நகரங்களில் இம்மொழி தன் செல்வாக்கை இழக்கவில்லை.

அச்செல்வாக்கின் சுவடுகளைக் காண்பதற்குப் பறங்கியர் வீட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. ஈழத்துத் தமிழரின் அன்றாடப் பேச்சே அதற்குச் சான்றாகும். காலையில் உண்ணும் பாண், அது வைக்கப்படும் மேசை, சமைக்கும் குசினி, உடை வைக்கும் அலுமாரி, காற்று வரும் சன்னல், இருந்து பேசும் விறாந்தை, காலில் அணியும் சப்பாத்து, முகந்துடைக்கும் லேஞ்சி, குளித்துத் துடைக்கும் துவாய், பூட்டைத் திறக்கும் சாவி ஆகிய யாவும் போர்த்துக்கேயத்தினின்று வந்த சொற்களே. இவற்றுட் பல தமிழகத் தமிழில் வழங்காது ஈழத்தில் மட்டும் வழங்குவனவாகும். இவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தோர் யாவர்? கடல் கடந்து வந்த தளபதிகள் மட்டுமே இவற்றைத் தந்தனர் எனக் கொள்வது பொருந்தாது. தமிழரின் அயலில் வாழ்ந்து, தமிழரோடு ஒரே சந்தையில் வாங்கி விற்ற கிரியோல் பேசுநர் வாயிலாகவும் அவை வந்து சேர்ந்தன எனக் கொள்வதே பொருத்தமாகும்.

ஆங்கிலேயர் காலத்தின் தொடக்கத்தில் இம்மொழி அச்சேறும் வாய்ப்பைப் பெற்றது. 1811இல் பெரெஞ்சர் என்பார் இதனைக் கற்பதற்கான இலக்கண நூலொன்றைக் கொழும்பில் வெளியிட்டார். அந்நூலின் தலைப்பிலேயே இம்மொழி ‘சிதைந்த போர்த்துக்கேயம்’ எனக் குறிக்கப்பட்டிருந்தது. 1814இல் இலங்கைக்கு வந்த வெஸ்லியன் மிஷனரிமார் இம்மொழியிற் பிரசங்கம் செய்வதன் பயனை விரைவில் உணர்ந்தனர். அவர்களுள் ஒருவரான பொக்ஸ் பாதிரியார் 1819இல் இலங்கைப் போர்த்துக்கேயம், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழி அகராதியொன்றை வெளியிட்டார். 1826இல் புதிய ஏற்பாடு முழுவதும் இம்மொழியில் வெளிவந்தது. இலக்கணம், அகராதி, வேதநூல் ஆகிய மூன்றும் 15 ஆண்டுகளுக்குள் ஒரு மொழிக்குக் கிடைத்தமை சாதாரணமான நிகழ்ச்சியன்று. ஐரோப்பிய மொழிகள் பலவற்றின் எழுத்து வாழ்வு இவ்வாறே தொடங்கியது.

ஆயின், இத்தொடக்கம் தொடரவில்லை. 19ஆம் நூற்றாண்டு முன்னேற, ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்குத் திறவுகோலாயிற்று. கொழும்பிலும் காலியிலும் வாழ்ந்த வசதி படைத்த பறங்கியர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகவே ஏற்றுக்கொண்டனர். தம்மை ஒல்லாந்தரின் வழித்தோன்றல்கள் எனப் பெருமை பாராட்டிய அவர்கள், தங்கள் பாட்டிமார் பேசிய மொழியை நினைவுகூரவும் நாணினர். தச்சுத் தொழில், கொல்லுத் தொழில், சப்பாத்துத் தொழில், தையல் முதலிய கைத்தொழில்களைச் செய்து வாழ்ந்த குடும்பங்களிடமே மொழி எஞ்சியது. இவ்வாறு ஒரு மொழி ஒரு வர்க்கத்தின் அடையாளமாகச் சுருங்கியது. அக்குடும்பங்கள் செறிந்து வாழ்ந்த மட்டக்களப்பும் திருகோணமலையுமே அதன் இறுதிப் புகலிடங்களாயின. அறிஞர் ஹியூ நெவில், கிழக்கிலங்கையில் அரசாங்க ஊழியம் புரிந்த காலத்தில், இம்மொழிப் பாடல்கள் அடங்கிய கையெழுத்துப் பிரதியைத் தேடிச் சேகரித்துச் சென்றார். அது இன்று இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் உள்ளது.

இனி, இம்மொழியின் அமைப்பை நோக்குவோமாயின், ‘சிதைவு’ என்ற சொல் எத்துணைப் பொருத்தமற்றது என்பது புலனாகும். “நான் அவனுக்குப் பணம் கொடுத்தேன்” என்ற கருத்தை இலிஸ்பன் நகரத்தார் “எவு தெய் தின்யெய்ரு அ எலெ” என்பர். சொல்லுக்குச் சொல் நோக்கின் ‘நான் – கொடுத்தேன் – பணம் – கு – அவன்’ என அது அமையும். கிரியோல் பேசுநர் அதனையே “ஏவ் எலி-ப திஞேரு ஜா-தா” என்பர். இதன் அமைப்பு ‘நான் – அவன்-உக்கு – பணம் – கொடுத்தேன்’ என்பதாகும். சொற்கள் யாவும் போர்த்துக்கேயமே. ஆனால், அவை நிற்கும் வரிசை தமிழ் வரிசையாகும். எழுவாய் முதலிலும் செயப்படுபொருள் இடையிலும் பயனிலை இறுதியிலும் வருகின்றன.

இதனினும் நுட்பமானது வேற்றுமை உருபின் கதை. போர்த்துக்கேயத்தில் ‘பரா’ என்பது பெயருக்கு முன் நின்று ‘பொருட்டு’, ‘கு’ என்னும் பொருள்களைத் தரும் ஒரு முன்னிடைச்சொல். கிரியோலில் அச்சொல் ‘ப’ எனக் குறுகி, பெயருக்குப் பின்னே சென்று ஒட்டி, நான்காம் வேற்றுமை உருபாகவே மாறிவிட்டது. அவ்வாறே ‘சு’ என்பது பெயரை ஒட்டி ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தருகின்றது. ‘எலி-சு காசா’ என்பது ‘அவனுடைய வீடு’ எனப்படும். உடையவனை முன்னும் உடைமையைப் பின்னும் வைக்கும் இம்முறை தமிழுக்கு இயல்பானது. போர்த்துக்கேயமோ வீட்டை முன்னும் அவனைப் பின்னும் வைக்கும். தமிழில் பசி, விருப்பம், அறிவு ஆகியவற்றைக் குறிக்கும்போது ‘எனக்கு’ என நான்காம் வேற்றுமையில் தொடங்குவது போலவே, கிரியோலும் ‘பரிம்’ எனத் தொடங்கும். ‘பரா மிம்’ என்ற இரு சொற்களே அவ்வாறு ஒன்றாயின.

வினைச்சொல்லின் நிலையும் இவ்வாறே ஆராயத்தக்கது. போர்த்துக்கேய வினைகள் தன்மை, முன்னிலை, படர்க்கை என இடத்திற்கும் எண்ணிற்கும் ஏற்ப விகுதி மாறுவன. கிரியோல் அவ்விகுதிகள் அனைத்தையும் நீக்கிவிட்டது. அவற்றிற்குப் பதிலாக மூன்று காலங்காட்டிகளை அது அமைத்துக்கொண்டது. ‘ஏற்கெனவே’ எனப் பொருள்படும் சொல்லினின்று பிறந்த ‘ஜா’ இறந்தகாலத்தையும், ‘இருக்கின்றான்’ எனப் பொருள்படும் சொல்லினின்று பிறந்த ‘தா’ நிகழ்காலத்தையும், ‘விரைவில்’ எனப் பொருள்படும் சொல்லினின்று பிறந்த ‘லோ’ எதிர்காலத்தையும் உணர்த்துகின்றன. இம்மூன்றும் வினைக்கு முன் நிற்பன. தமிழில் காலங்காட்டும் இடைநிலை பகுதிக்குப் பின்னரே வருமாதலின், இவ்வமைப்புத் தமிழிலிருந்து வந்ததன்று. அதாவது, கிரியோல் போர்த்துக்கேயத்தின் சிதைந்த நிழலாகவும் இல்லை. போர்த்துக்கேயச் சொற்களை உடுத்திய தமிழாகவும் இல்லை. இருபக்கமும் பெற்றுக்கொண்டு தனக்கென ஓர் ஒழுங்கை அது வகுத்துக்கொண்டுள்ளது. மட்டக்களப்பில் களஆய்வு நிகழ்த்திய மொழியியலாளர் இயன் ஸ்மித், 1979இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் தென்னாசிய மொழிகள் ஒன்றையொன்று நெருங்கி வருவதற்கு இக்கிரியோலை எடுத்துக்காட்டாகக் காட்டினார். இவ்வியல்புகளுட் சில சிங்களத்துக்கும் பொதுவானவை என்பதையும் மறத்தலாகாது. எனினும், கிழக்குக் கரையில் பறங்கியரின் நெருங்கிய அயலவர் தமிழ் பேசுநராகவே இருந்தமையால், அண்மைக்கால ஒருமைப்பாட்டில் தமிழின் பங்கே மிகுதியெனக் கருத இடமுண்டு.

இம்மொழி தனித்து நிற்பதன்று. அதற்குச் சகோதர மொழிகள் உண்டு. கோவாவிற் பிறந்த பாதிரியாரும் மொழியறிஞருமான செபாஸ்தியாவ் ரொதோல்ஃபு தல்காது, 1900இல் இலங்கைக் கிரியோலைப் பற்றிய விரிவான நூலை வெளியிட்டார். தமிழகத்தின் நாகப்பட்டினத்தில் வழங்கிய கிரியோலைப் பற்றியும் அவர் 1917இல் எழுதினார். மகாராஷ்டிரத்தின் கோர்லை, குஜராத்தை அடுத்த டியூ, மலேசியாவின் மலாக்கா ஆகிய இடங்களில் இக்குடும்பத்தைச் சேர்ந்த மொழிகள் இன்றும் பேசப்படுகின்றன. கொச்சியில் வழங்கியது 2010இல் அதனைச் சரளமாகப் பேசிய இறுதி மனிதரின் மறைவோடு முடிவுற்றது. புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரிடையே இம்மொழி பாடல்களில் மட்டும் எஞ்சியுள்ளது. இச்சகோதர மொழிகளோடு ஒப்பிடும்போது, வேற்றுமை உருபுகளைப் பெயரோடு ஒட்டும் வழக்கில் மிகவும் முன்னேறியதாக இலங்கைக் கிரியோல் தனியிடம் பெறுகின்றது.

‘சிதைவு’ என்ற பெயர் ஒரு மொழிக்கு ஏன் சூட்டப்படுகின்றது என்பதை விளங்கிக்கொள்ள உக்ரேனிய மொழியின் வரலாறு துணை செய்யும். சிலாவிய மொழிக் குடும்பத்தின் கிழக்குக் கிளையில் உருசியம், பெலருசியம், உக்ரேனியம் ஆகிய மூன்றும் அடங்கும். சொல்வளத்தை நோக்கின் உக்ரேனியம் உருசியத்தைவிடப் பெலருசியத்துக்கும், மேற்குக் கிளையைச் சேர்ந்த போலிஷ் மொழிக்கும் நெருக்கமானதாகும். ஆயினும், சார் மன்னரின் அரசு அதனைத் தனிமொழியாக ஏற்கவில்லை. அதனை உருசியத்தின் கிளைவழக்கு என்றே அது கொண்டது. 1863இல் அமைச்சர் வலூயெவ் விடுத்த சுற்றறிக்கை அம்மொழியிற் சமய நூல்களும் கல்வி நூல்களும் வெளிவருவதைத் தடுத்தது. 1876இல் இரண்டாம் அலெக்சாந்தர் எம்ஸ் நகரிலிருந்து பிறப்பித்த ஆணை அத்தடையை மேலும் விரித்தது. உருசியத் தலைநகரின் அறிவியற் கழகமே அது தனிமொழி என்பதை ஏற்று அறிக்கை வெளியிடுவதற்கு 1905ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அக்காலம் முழுவதும் மொழியின் இலக்கணம் மாறவில்லை. அதனைக் கணிப்போரின் நிலையே மாறியது.

இவ்விரு மொழிகளும் தோற்றத்தால் வேறுபட்டவை என்பது உண்மை. உக்ரேனியம் பழைய சிலாவிய வழக்கிலிருந்து வழிவழியாக வளர்ந்த மொழி. கிரியோல் இரு மொழிகளின் சந்திப்பிற் பிறந்தது. ஒப்புமை இருப்பது சமூக விதியிலேயே. தடைகளுக்கு உட்பட்ட உக்ரேனியம் பிழைத்தது; கட்டளைகளையும் வென்று நின்ற கிரியோல் மங்கியது. காரணம் யாதெனின், உக்ரேனியத்திற்குக் கொத்லியாரெவ்ஸ்கி 1798இலும் ஷெவ்சென்கோ 1840இலும் வெளியிட்ட கவிதை நூல்கள் வாய்த்தன. உருசிய எல்லைக்கு அப்பால், ஆஸ்திரியப் பேரரசின் கீழிருந்த லிவிவ் நகரில், அதற்கு அச்சுக்கூடங்கள் கிடைத்தன. கோடிக்கணக்கான உழவர் அதனைப் பேசினர். 1991இல் அதற்கு ஒரு நாடும் அமைந்தது. திருகோணமலையின் தச்சருக்கும் கொல்லருக்கும் இவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை. 1826இன் புதிய ஏற்பாட்டுக்குப் பின் அவர்களுடைய பிள்ளைகள் கையிலேந்திப் பள்ளிக்குச் செல்லத்தக்க பாடநூல் மரபொன்று அம்மொழியில் நிலைபெறவில்லை.

20ஆம் நூற்றாண்டில் இந்நிலை மேலும் இறுகியது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பின்னர்ப் பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். 1957இல் பிரித்தானியக் கடற்படைத்தளம் திருகோணமலையை விட்டகன்றது. 1983இன் பின் விரிந்த போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் கிழக்குக் கரையின் சிறு சமூகங்களை மேலும் சிதறடித்தன. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு நாடு முழுவதும் 38,000க்கு மேற்பட்ட பறங்கியரைக் கணக்கிட்டது. அவர்களுள் இம்மொழி பேசுவோர் மிகச் சிறு பகுதியினரே. கிழக்கில் எஞ்சியோரின் பிள்ளைகள் தமிழ்மொழி மூலம் கற்கின்றனர், தமிழிலேயே செபிக்கின்றனர், தமிழிலேயே தொழில் செய்கின்றனர். திருமண வீட்டில் கபிரிஞ்ஞா ஆடும் இளையோர், அதன் பாடலின் பொருளை முதியோரிடம் கேட்டறிய வேண்டிய நிலை வந்துள்ளது.

இங்கு ஒரு தடை எழலாம். தமிழோடு கலந்துவிடுவது பறங்கியரின் சொந்த விருப்பம். அதனால் தமிழுக்குப் பேசுநர் பெருகுவர். இதில் வருந்துதற்கு யாதுளது எனச் சிலர் வினவுவர். பறங்கியர் பிள்ளைகள் தமிழ் கற்றது தம் வாழ்வுக்கு வேண்டியே என்பதில் ஐயமில்லை. அதனைக் குறை கூற எவர்க்கும் உரிமையில்லை. எனினும், தாய்மொழியிற் கற்கவும் அரசாங்கத்தோடு தாய்மொழியிற் கருமமாற்றவும் உரிமை வேண்டிப் பல தசாப்தங்களாக வாதாடியவர் ஈழத்தமிழர். எண்ணிக்கையிற் சிறியதொரு மொழியைப் பெரியதொரு மொழி விழுங்கலாகாது என்பதே அவ்வாதத்தின் உயிர்நிலையாகும். நாடளாவிய நிலையிற் சிறுபான்மையாகிய தமிழ், பாலையூற்றின் ஒழுங்கைகளிற் பெரும்பான்மையாகும். ஆகவே, கொழும்பை நோக்கி எழுப்பிய வாதம், தன் அயல் வீட்டை நோக்கும்போது மட்டும் வலுவிழந்துவிடுமா என்னும் வினாவுக்குத் தமிழறிஞர் விடை கூறக் கடமைப்பட்டுள்ளனர்.

அன்றியும், இம்மொழி தமிழுக்கு அயலானதன்று. தமிழின் சொற்றொடர் அமைப்பு, தன்னோடு பிறவா மொழியொன்றினுட் புகுந்து அதனை எவ்வாறு திருத்தியமைத்தது என்பதற்கு இது ஓர் அரிய சான்று. வடமொழியினின்றும் ஆங்கிலத்தினின்றும் தமிழ் பெற்றவற்றை ஆராய்ந்த நூல்கள் பல உண்டு. தமிழ் பிறமொழிக்குக் கொடுத்தவற்றை ஆராய்ந்த நூல்கள் ஒப்பீட்டளவிற் குறைவே. அவ்வாராய்ச்சிக்கு வேண்டிய மூலம் ஏட்டிலன்று, முதியோர் சிலரின் நாவிலேயே உள்ளது. 2017இன் பின் இலிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹியூகோ கார்தோசோவும் அவருடன் இணைந்தோரும் கிழக்குக் கரைக்கு வந்து இம்மொழியின் உரையாடல்களையும் பாடல்களையும் ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் செய்தனர். பல்லாயிரம் மைல் கடந்து வந்து பிறர் ஆற்றிய அப்பணியில், அயலிலேயே வாழ்ந்து, அம்மொழியின் இலக்கணத்திற் பாதியைப் பிறப்பிலேயே அறிந்த தமிழ் மாணவர் இதுவரை பெரும்பங்கு கொள்ளாமை வருந்தத்தக்கது.

எனவே, பறங்கியர் மொழி சிதைவன்று என்பதும், தனக்குரிய இலக்கணமும் குடும்பமும் வரலாறும் கொண்ட தனிமொழி என்பதும் மேற்கூறியவற்றாற் பெறப்படும். அது நலிவுற்றது தகுதிக் குறைவினாலன்று. பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் அதனைக் கைவிட்டமையினாலேயாம். கிழக்கிலங்கையின் பல்கலைக்கழகங்களிற் தமிழ் பயிலும் மாணவர், தம் களஆய்வுகளுள் ஒன்றையேனும் பாலையூற்று முதியோரின் பேச்சைப் பதிவு செய்வதற்கு ஒதுக்குதல் வேண்டும். சொற்களையும் பாடல்களையும் தொழிற்பெயர்களையும் தொகுத்து, அம்முதியோரின் பேரப்பிள்ளைகள் வாசிக்க அறிந்த தமிழெழுத்திலேயே ஒரு சிறு சொற்றொகுதியாக அவர்களிடம் கையளித்தல் வேண்டும். 1819இல் ஒரு பாதிரியார் செய்து முடித்த பணி இன்றைய மாணவர்க்கு அரியதன்று. ஆனால், அதற்குத் துணை நிற்கக்கூடிய முதியோரின் தொகை ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.